ஒட்டுத் தெரியாத ஒட்டு: ஏற்காட்டு வீட்டின் சொரசொரப் பூச்சு

ஏற்காட்டில் இருக்கும் எங்கள் வீட்டின் மேற்குச் சுவரில் பெயர்ந்து விழுந்த சொரசொரப் பூச்சைத் திரும்பப் பூசி, தென்மேற்கு மழை, வடகிழக்கு மழை இரண்டும் அடித்து ஓய்ந்துவிட்டன. ஒட்டிய இடத்தில் வெடிப்பு இல்லை, உப்பல் இல்லை. இனிமேல் தைரியமாக எழுதலாம் என்று தோன்றியது.

வழவழப்பான சுவர் என்றால் எந்தக் கொத்தனாரும் வந்து ஒட்டிவிட்டுப் போவார். சொரசொரச் சுவரில்தான் வம்பு. கலவை நன்றாகப் பிடித்துக்கொண்டாலும் ஒட்டிய இடம் தேமல் போலத் தனியாகத் தெரியும். அதைத் தெரியாமல் செய்வதற்குத்தான் இந்த வேலையில் பாதி நேரம் போனது.

வீடு என் மாமனார் 1980களில் கட்டியது. செங்கல் சுவர், மேலே ஒரு சாதாரண சிமெண்ட் பூச்சு, அதற்கு மேல் ஆற்றுமணலும் பொடிக் கூழாங்கல்லும் கலந்த கலவையைக் கையால் வீசியடித்த சொரசொரப்பு. மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும் மலையில் அந்தக் காலத்துக் கொத்தனார்கள் இதைத்தான் விரும்பிச் செய்தார்கள். தண்ணீர் ஒரே தாரையாக வழியாமல் சிதறிப் போகும், சின்னச் சின்ன வெடிப்புகளும் கண்ணில் படாது. பல வருஷம் எந்தத் தொந்தரவும் இல்லை. நடுவில் ஒரு பெயிண்டர் பேச்சைக் கேட்டு, ரப்பர் மாதிரி இழுபடும் தடிமனான வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தோம். தொல்லை அங்கிருந்துதான் தொடங்கியது என்பது என் கணிப்பு.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஏற்காட்டைப் புரட்டிப் போட்டது நினைவிருக்கும். மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. பாதை திறந்த பிறகு மேலே போய்ப் பார்த்தால், ஜன்னலுக்குக் கீழே பாதிப் பாய் அளவுக்குப் பூச்சு பெயர்ந்து காபிச் செடிகள் மேல் கிடந்தது. விழுந்த துண்டைத் திருப்பினேன். பின்பக்கம் சொத சொதவென்று ஈரம், முன்பக்கம் பெயிண்ட் தோல் கிழியாமல் அப்படியே இருந்தது.

சேலத்தில் இரண்டு பேரிடம் விலை கேட்டேன். ஒருவர் முழுச் சுவரையும் சுரண்டி, புட்டி வைத்து, டெக்ஸ்சர் பெயிண்ட் அடித்துத் தருகிறேன், சதுர அடிக்கு 85 ரூபாய் என்றார். சுவருக்குள் தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்டதற்கு, "அதெல்லாம் இந்தப் பெயிண்ட் அடிச்சா நின்னுடும் சார்" என்றார். அந்தப் பதிலோடு அவரை விட்டுவிட்டேன். கடைசியில் கிடைத்தவர், நாகலூர்ப் பக்கத்து வயதான மேஸ்திரி ஒருவர். அவர் சுவரைப் பார்த்ததும் சுத்தியலின் கட்டைப் பிடியால் தட்டிக்கொண்டே நடந்தார். ஜன்னலைத் தாண்டியதும் நின்று சொன்னார்: "தம்பி, இது செவுத்துல நிக்கலைங்க. பெயிண்ட்டுல தொங்கிட்டு இருக்குது."

சரியாகத்தான் சொன்னார். விழுந்தது பத்துச் சதுர அடிகூட இராது. தட்டிப் பார்த்து, பொக்கென்று சத்தம் வந்த இடத்தையெல்லாம் சாக்பீஸால் வளைத்தால், கிட்டத்தட்ட 60 சதுர அடி வந்தது. இந்த வேலையில் இறங்குகிறவர்கள் முதலில் இதைச் செய்யுங்கள். சுவர் காய்ந்திருக்கும்போது தட்டுங்கள். நனைந்த சுவரில் சத்தம் ஏமாற்றும். கட்டைப் பிடியால் தட்டுங்கள்.

உடனே வேலையைத் தொடங்கவில்லை. ஜனவரிவரை காபிப் பழம் பறிப்பு நடப்பதால் சித்தாள் கிடைப்பது கஷ்டம், காலையில் பனியும் விலகாது. பிப்ரவரி நடுவில்தான் ஆள் அமைந்தது. ஏப்ரல் கோடை மழைக்குள் பெயிண்ட்வரை முடித்தாக வேண்டும். ஏற்காட்டில் வெளிச்சுவர் வேலைக்கு வருஷத்தில் கிடைப்பது இந்த ஒரு இடைவெளிதான்.

பொக்கான பூச்சை எடுக்க நான் நான்கு அங்குலக் கிரைண்டர் கொண்டு போயிருந்தேன். டைமண்ட் பிளேடால் ஓரத்தில் நேர்க்கோடு போட்டு அறுத்து, உள்ளே இருப்பதை உளியால் எடுப்பது என் திட்டம். சமதளப் பூச்சுக்கு அது சரி. முதல் சதுரத்தை அறுத்து முடித்ததும் மேஸ்திரி தடுத்தார். நேர்க்கோட்டில் வெட்டினால் நாளைக்கு எப்படிப் பூசினாலும் அந்தக் கோடு காட்டிக் கொடுக்கும் என்றார். அதனால் முறையை மாற்றினோம். அடிப்பூச்சை மட்டும் கிரைண்டரால் செங்கல்வரை அறுத்தோம், ஓரம் சற்று உள்நோக்கிச் சாய்ந்திருக்கும்படி. மேலே உள்ள சொரசொர அடுக்கை அந்த வெட்டுக்கு வெளியே இரண்டு மூன்று அங்குலம்வரை சின்ன உளியால் கோணல்மாணலாகக் கொத்திவிட்டோம். அடியில் ஒரு ஓரம், மேலே வேறொரு ஓரம். இரண்டும் ஒரே இடத்தில் வராது, கண்ணுக்குத் தொடர்ந்து போக ஒரு கோடும் இருக்காது. இந்த மொத்த வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் இதுதான். நான் முதலில் அறுத்த அந்தச் சதுரத்தின் ஓரத்தையும் பிறகு கொத்திக் கலைத்தோம்.

கிரைண்டர் ஓட்டும்போது தூசி பயங்கரம். மூக்குக்குச் சாதாரணத் துணி போதாது, வடிகட்டி வைத்த மாஸ்க் போட வேண்டும், கண்ணாடியும் கட்டாயம்.

பூச்சை எடுத்ததும் செங்கல் நனைந்து கறுத்திருந்தது. இப்போதே பூசிவிடலாமா என்று ஆசை வந்தது, ஆனால் எங்கிருந்து ஈரம் வருகிறது என்று தெரியாமல் பூசினால் அடுத்த மழைக்கு மறுபடி இதே கதை. ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு சுவரைத் தொடும் இடத்தில் தலைமுடி அளவு வெடிப்பு ஒன்று நீளமாக ஓடியது. சன்ஷேட்டின் மேற்பரப்பில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினேன். வெளியே சரியாமல் சுவர்ப் பக்கம் ஓடி, அந்த வெடிப்பில் இறங்கிக் காணாமல் போனது. அடியில் தண்ணீர்க் கோடும் (தண்ணீரை அங்கேயே சொட்ட வைக்கும் பள்ளம்) இல்லை. விளிம்பில் வழியும் தண்ணீர் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவரைத் தொட்டுவிடும். ஆக, தண்ணீர் உள்ளே போக இரண்டு வழி. வெளியே வர வழியே இல்லை, ரப்பர் பெயிண்ட் மூடியிருந்தது.

வெடிப்பை உளியால் வி வடிவத்தில் அரை அங்குலம் ஆழத்துக்குத் திறந்து, எஸ்பிஆர் லேட்டக்ஸ் (பிடிப்புக்காகச் சிமெண்ட்டில் சேர்க்கும் பால் போன்ற ரப்பர் திரவம்) கலந்த சிமெண்ட் கலவையை அழுத்தி நிரப்பினோம். சன்ஷேட்டின் மேலே வெளிப்பக்கம் சரிவு வரும்படி ஒரு மெல்லிய பூச்சு. அடியில் விளிம்பிலிருந்து ஒன்றரை அங்குலம் உள்ளே தள்ளி, கிரைண்டரால் இரண்டு கோடு அறுத்து நடுவைக் கொத்தி எடுத்தோம், அரை அங்குல அகலத்தில் ஒரு பள்ளம். வெறும் அரை மணி நேர வேலை. கட்டும்போதே செய்திருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது.

பிறகு சுவரைக் காயவிட்டோம். காய்ந்ததா என்று பார்க்க ஒரு சதுர அடிப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரவு முழுக்க விட வேண்டும். காலையில் தாளின் உள்பக்கம் வேர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. மேற்குச் சுவருக்கு மதியம்தான் வெயில் வரும், எனவே இது இழுத்தது. அந்த இடைவெளியில் நான் கல் தேடினேன்.

கல் தேடியதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய பூச்சுத் துண்டு ஒன்றை உடைத்துப் பார்த்தால், அதில் இருந்தது 3 முதல் 6 மில்லிமீட்டர்வரை உருண்டையான கூழாங்கல். அந்தக் காலத்து ஆற்றுமணலைச் சலித்தால் சல்லடையில் நிற்கும் கழிவு அது. இப்போது கிடைப்பது எம்-சாண்டும் பூச்சுக்கான பி-சாண்டும்தான், இரண்டும் உடைத்த கல். பி-சாண்டோடு கால் அங்குலச் சிப்ஸ் ஜல்லி கலந்து ஒரு பலகையில் அடித்துப் பார்த்தோம். பக்கத்தில் பழைய துண்டை வைத்தால் ஏணி வைத்தாலும் எட்டாது. சிப்ஸ் தட்டையாகவும் கூர்மையாகவும் இருப்பதால் முனைகள் வெளியே துருத்திக்கொண்டு நின்றன, கை பட்டால் கிழிக்கும். பழைய பூச்சில் எல்லாம் மொழுக்கையாக, மேடு பள்ளமாகத் தெரியும்.

தீர்வு வந்தது எதிர்பாராத இடத்திலிருந்து. சேலத்தில் வண்ணமீன் விற்கும் கடையில் தொட்டிக்குப் போடும் கூழாங்கல், சாயம் ஏற்றாதது, பொடி அளவில், கிலோ 35 ரூபாய். 25 கிலோ வாங்கினேன். மீன் தொட்டி எத்தனை அடி என்று கடைக்காரர் கேட்டார். சுவருக்கு என்றதும் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கழுவி, இரண்டு சல்லடையில் சலித்து, 6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்ததை ஒதுக்கிவிட்டேன்.

சுவர் காய்ந்த பிறகு வேலை வேகமாக நகர்ந்தது. செங்கல் இணைப்புகளில் இருந்த பழைய சாந்தை அரை அங்குலம் சுரண்டி, கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தோம். பாசி இருந்த இடங்களில் பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளித்து, மறுநாள் நன்றாகக் கழுவினோம். ஜன்னலுக்கு மேலே குறுக்கே போகும் லிண்டல் கான்கிரீட்டும் செங்கல்லும் சேரும் இடத்தில் எட்டங்குல அகலத்துக்குக் கோழி வலையை ஆணியடித்து இழுத்துக் கட்டினோம். இரண்டும் வெயிலில் வேறு வேறு அளவில் விரியும், வலை இல்லாவிட்டால் அதே இடத்தில் வெடிப்பு வந்தே தீரும்.

பூசும் நாள் காலையில் செங்கலை நனைத்து, மேலே தண்ணீர் மினுமினுப்பு போகும்வரை பொறுத்தோம். எஸ்பிஆர் லேட்டக்ஸ் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, குழம்பாக வரும் அளவு சிமெண்ட். இதை ஓரங்களிலும் லிண்டலிலும் பிரஷ்ஷால் தடவி, கையில் பிசுபிசுவென்று ஒட்டும்போதே மேலே கலவை ஏறிவிட வேண்டும். காய்ந்துவிட்டால் அது பசையாக இருக்காது, வழுக்கும் தோலாகிவிடும், எடுத்துவிட்டு மறுபடி தடவத்தான் வேண்டும். எனவே ஒரு முறைக்கு ஒரு கை எட்டும் தூரம் மட்டும்.

அடிப்பூச்சு: சிமெண்ட் ஒன்று, பி-சாண்ட் நான்கு. கனம் 15 மில்லிமீட்டர். ஆழமான இடங்களில் இரண்டு தடவையாக ஏற்றினோம். இதன் மட்டம் பழைய அடிப்பூச்சோடு சேர வேண்டும், பழைய சொரசொரப்பின் முனையோடு அல்ல. மட்டக்கட்டையைப் பழைய சுவர் மேல் வைத்து இழுத்தால் கட்டை பழைய முனைகள் மேல் உட்கார்ந்து, புதுப்பூச்சு 7, 8 மில்லிமீட்டர் உயர்ந்துவிடும். மேஸ்திரி கட்டையின் இரண்டு நுனியிலும் அந்தக் கனத்துக்கு வெட்டு விட்டார், நுனிகள் பழைய முனைகள் மேல் உட்கார்ந்தாலும் நடுப்பகுதி உள்ளே இறங்கும்படி. பிரச்சினை தீர்ந்தது. இறுகும் முன்பே ஆணிகள் அடித்த ஒரு கட்டையால் அலை அலையாகக் கீறி விட்டோம், அடுத்த அடுக்கு பிடிப்பதற்கு.

மேல் அடுக்குக்கு நான் சிமெண்ட்டைக் கூட்டச் சொன்னேன், மழை சுவராயிற்றே என்று. மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை. மேல் பூச்சு அடிப்பூச்சைவிடக் கெட்டியாக இருந்தால், காயும்போது சுருங்கி அடியில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு வந்துவிடும் என்றார். வீட்டின் தென்மூலையில் யாரோ எப்போதோ வெறும் சிமெண்ட்டாக அப்பிய ஒரு ஒட்டைக் காட்டினார். சுற்றிலும் வெடித்துத் தனித் துண்டாக நின்றது. அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் போட்ட கணக்கு: சிமெண்ட் ஒன்று, நீற்றிய சுண்ணாம்பு அரை, மணல் மூன்று, கூழாங்கல் ஒன்றரை. சுண்ணாம்பை முதல் நாளே ஊறவைத்து வடிகட்டிக்கொண்டோம். சுண்ணாம்பு சேர்ந்தால் கலவை சுவரில் பசபசவென்று அப்பிக்கொள்கிறது, கீழே விழும் கழிவு பாதியாகக் குறைகிறது.

இனி வீசுவது. கொத்துக் கரண்டியால் வீசினால் கலவை கற்றையாக விழுந்தது. ஈர்க்குச்சி விளக்குமாறால் தட்டித் தெளித்தால் மணல் மட்டும் போனது, கல் சட்டியிலேயே நின்றது. கையால் சுற்றித் தெளிக்கும் தகரப் பெட்டி மெஷின் ஒன்று வாடகைக்குக் கிடைத்தது, அதன் தகடுகளில் கூழாங்கல் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அது கல்லில்லாத மணல் கலவைக்குத்தான். கடைசியில் சமையலறைக் குழிக்கரண்டிதான் கைகொடுத்தது. எவர்சில்வர், சின்னது. கலவையைக் கரண்டி சாய்த்தால் மெதுவாக வழுக்கி விழும் பதத்தில் வைத்து, முக்கால் கரண்டி எடுத்து, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நின்று, தோளை அசைக்காமல் மணிக்கட்டை மட்டும் பக்கவாட்டில் சொடுக்க வேண்டும். நேராக எறிந்தால் ஒரே கட்டியாக அப்பும். சொடுக்கினால் விசிறி மாதிரி விரியும். மேஸ்திரிக்கு முதல் வீச்சிலேயே வந்துவிட்டது. நான் கார் ஷெட்டில் ஒரு சிமெண்ட் பலகையை நிறுத்தி, வீசி வழித்து வீசி வழித்துக் கை வலிக்கப் பழகினேன்.

சுவரில் இரண்டு சுற்றாக அடித்தோம். முதல் சுற்றில் அங்கங்கே அடிப்பூச்சு தெரியும்படி இடைவெளி விட்டு, அது சற்று இழுத்துக்கொண்டதும் இரண்டாம் சுற்றில் இடைவெளியை நிரப்பி. ஓரங்களில் பழைய பூச்சின் மேலும் கொஞ்சம் சிதறட்டும், தடுக்க வேண்டாம். அந்தச் சிதறல்தான் எல்லையை மறைக்கிறது. அதற்காக அந்த ஓரத்தில் பழைய பெயிண்டைக் கம்பிப் பிரஷ்ஷால் சுரண்டி வைத்திருந்தோம்.

முடிந்ததும் பார்க்க நன்றாகவே இருந்தது. இருட்டியதும் ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் வெளிச்சம் விட்டேன். பகலில் தெரியாததெல்லாம் தெரிந்தது. பழைய பூச்சின் முனைகள் பல வருஷ மழையிலும் பெயிண்டிலும் மழுங்கியிருந்தன, நிழல் குட்டை. புதியதில் நிழல் நீளம். நல்லவேளையாக அன்று பூசியது ஒரு பகுதிதான். மறுநாள் மீதியை அடிக்கும்போது, கலவை விரலில் ஒட்டாத அளவுக்கு இறுகியதும், நனைத்த மணியாசுக் கட்டையை (பூச்சைத் தேய்த்துச் சமமாக்கும் பலகை) அழுத்தாமல் ஒரு முறை மேலே ஓட்டினோம். முனைகள் மட்டும் மழுங்கின. முதல் நாள் பகுதி இறுகிவிட்டதால் அதைக் கருங்கல் துண்டால் தேய்த்து ஓரளவு சமாளித்தோம். சாயந்திர வெயில் பக்கவாட்டில் விழும்போது உற்றுப் பார்த்தால் அந்த இடம் மட்டும் இப்போதும் எனக்குத் தெரியும். வீட்டில் மற்றவர்களுக்குத் தெரியவில்லை, அல்லது தெரியாத மாதிரி இருக்கிறார்கள்.

நனைப்புக்குக் குழாயைத் திருப்பி அடிக்கக் கூடாது, புதுச் சொரசொரப்பு கரைந்து வரும். காபிச் செடிக்கு மருந்தடிக்கும் முதுகுத் தெளிப்பான் ஒன்றை நன்றாகக் கழுவி எடுத்துக்கொண்டேன். பனி இருக்கிறதே, தண்ணீர் எதற்கு என்று தோன்றும். காலை பத்து மணிவரைதான் பனி. அதற்கு மேல் மலைக்காற்று சேலத்து வெயிலுக்குச் சளைக்காமல் ஈரத்தை உறிஞ்சிவிடும். கோணிச் சாக்கைச் சுவரைத் தொடாமல் சாரத்தில் தொங்கவிட்டு, அதையும் நனைத்து வைத்தோம். ஒரு வாரம் இப்படி.

பெயிண்டுக்கு நான்கு வாரம் பொறுத்தோம். இந்த முறை ரப்பர் பெயிண்ட் இல்லை, சாதாரண எக்ஸ்டீரியர் எமல்ஷன். சிமெண்ட் பெயிண்ட் அடிக்கத்தான் எனக்கு விருப்பம், ஆனால் சுவரின் மீதிப் பகுதியில் பழைய பெயிண்ட் இருக்கிறது, அதன் மேல் அது பிடிக்காது. ஒட்டிய இடத்துக்கு மட்டும் அடித்தால் நிறம் தனியாகத் தெரியும் என்பதால் மூலையிலிருந்து மூலைவரை முழுச் சுவரும். சொரசொரப்பு பெயிண்டைக் குடிக்கிறது: 6 லிட்டர் என்று கணக்குப் போட்டது 10 லிட்டரில் முடிந்தது. முடி நீளமான ரோலர் வாங்குங்கள், குழிகளுக்குள் பிரஷ்ஷால் குத்தித்தான் ஆக வேண்டும். மதியம் இரண்டு மணிக்குள் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட வேண்டும். நான்கு மணிக்குப் பனி இறங்கினால் காயாத பெயிண்ட் கோடு கோடாக வழியும்.

செலவு: சிமெண்ட் இரண்டு மூட்டை 840, பி-சாண்ட் சாக்கில் கட்டி மேலே கொண்டுவந்த வண்டி வாடகையோடு 2,200, லேட்டக்ஸ் 5 லிட்டர் 1,600, கூழாங்கல் 875, வலை, ஆணி, சுண்ணாம்பு, பிளேடு எல்லாம் சேர்த்து 1,100, பெயிண்ட், பிரைமர், ரோலர் 4,300. கூலிதான் பெரிது, மேஸ்திரி, சித்தாள், சாரக்கம்பு வாடகை சேர்த்து 15,500. மொத்தம் 26,415. மணலின் விலையைவிட அதை மலையேற்றும் வாடகை அதிகம், கீழே உள்ளவர்களுக்கு அந்தத் தொகை குறையும்.

அடுத்தது தெற்குச் சுவர். அங்கே அடியில் ஒன்றரை அடி உயரத்துக்குச் செம்மண் தெறித்துப் பூச்சு அரித்திருக்கிறது. அதற்கு முதலில் சுவரோரம் ஓரடி அகலத்துக்கு மண்ணை வெட்டி, முக்கால் அங்குல ஜல்லி கொட்டப் போகிறேன். தெறிப்பு நின்ற பிறகுதான் உளியைத் தொடுவது. முனை மழுக்கும் வேலையை முதல் சதுர அடியிலிருந்தே செய்ய வேண்டும். டார்ச்சை வேலை முடிந்த பிறகு எடுக்காமல், பலகையில் மாதிரி அடிக்கும்போதே எடுக்க வேண்டும். கூழாங்கல் மூன்று கிலோ மிச்சம் இருக்கிறது, இன்னும் 20 கிலோ வேண்டும். மேஸ்திரி பிப்ரவரிக்கு வருகிறேன் என்றிருக்கிறார், குழிக்கரண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்.